பிரிஜிட் அக்கா தீட்டிய எட்டு பிளேடுகள்

பிரிஜிட் அக்காவை அன்பானவர் என்று யாராவது சொன்னால், அவர்கள் அவரிடம் ஒருநாளும் பிளேடு கொண்டுபோய்க் கொடுத்ததில்லை என்று அர்த்தம். மலாக்காவில், தஞ்சோங் கிளிங்கில் கடலோரச் சாலைக்குப் பின்னால் இருக்கும் கடை வரிசையில் கடைசிக் கதவு அவருடையது. மரம் அறுக்கும் வட்ட ரம்பங்களுக்குச் சாணை பிடிப்பதுதான் தொழில். உள்ளே போனால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பிளேடைக் கொடுக்க முடியும்.

"இத எத்தன நாளா ஓட்டுன?" என்பார். இரண்டு வாரம் என்று நாம் குறைத்துச் சொல்வோம். பல்லின் முனையில் விரல் நகத்தை ஒரு தடவை உரசிப் பார்ப்பார். "ஒரு மாசம். யார்கிட்ட கதை விடுற? மெஷின் கத்துறது காதுல விழல? பலகை கருகுறது மூக்குக்குத் தெரியல?" அதற்குமேல் நாம் பேசினால் நம்முடைய படிப்பு, பழக்கம், வளர்ப்பு எல்லாம் வெளியே வரும். பேசாமல் நிற்பதே புத்திசாலித்தனம்.

நான் தேவன். சுங்கை ஊடாங் போகும் வழியில் ஒரு கேபினட் தொழிற்சாலையில் பேனல் சா ஓட்டுகிறேன். சமையலறை அலமாரிகளுக்குப் பலகை அறுக்கும் பெரிய மெஷின் அது. பதினாறு வருஷமாக அதே மெஷின். அந்தப் பதினாறு வருஷமும் அதன் பிளேடுகளைத் தீட்டியது பிரிஜிட் அக்காதான். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவருடைய பெயரைக் கெடுத்தவன் நான். அந்தத் தகுதி போதும்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. அப்பா எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். பத்தொன்பது வயதில் அக்கா ஒரு மர ஆலையில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தார். டைப் அடிக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், முதலாளிக்குக் கோப்பி கலக்க வேண்டும். ரம்பம் தீட்டும் அறை ஆபீஸுக்குப் பின்பக்கம். அங்கே வேலை பார்த்த ஆள் ஒருநாள் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆள் கிடைக்கவில்லை. பிளேடெல்லாம் மழுங்கிக் கிடந்தன, மரம் குவிந்து கிடந்தது. அக்கா போய் மெஷினைப் போட்டார். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் அவருடைய படிப்பு. முதல் நாள் மூன்று பிளேடைப் பாழாக்கினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "மூணு இல்ல, நாலு. நாலாவத ஒளிச்சு வச்சிட்டேன்," என்று அவரே திருத்துவார்.

அந்த ஆலை மூடியபோது மற்றவர்கள் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் சாணை மெஷினைக் கேட்டார். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சிரித்தார்களாம். சிரித்து முடிக்கும்வரை நின்று, மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். கணவர் சின்னப்பன் சுங்கை ஊடாங்கில் வெல்டர். அவர்தான் மெஷினுக்கு இரும்புக் கால் அடித்துக் கொடுத்தார். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது புதிதாக ஒன்று வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வைத்தது. பழையதையும் அக்கா விற்கவில்லை. இரண்டும் ஓடுகின்றன.

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பிளேடுகள் கத்தி மாதிரி முழுக்க ஒரே இரும்பு இல்லை. வட்டத் தகட்டின் விளிம்பில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகக் கார்பைட் பல் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். எங்களுடையதில் தொண்ணூற்றாறு பல். கார்பைட் அவ்வளவு கெட்டி. சாதாரணக் கல் அதைத் தொடாது, வைரத்தூள் பதித்த சக்கரம்தான் வேண்டும். ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் தலைமுடி அளவு தேயும். நல்ல பிளேடு பத்துப் பன்னிரண்டு தடவை தாங்கும். மலிவாக வாங்கியதில் பல்லே பெயருக்குத்தான் இருக்கும், ஒரு தடவைகூடத் தாங்காது.

தீட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று யாராவது பொதுவாகக் கேட்டால் அக்கா பதில் சொல்ல மாட்டார். "பிளேட கொண்டா, பாக்கலாம்," என்பார். பல்லில் சதை இருந்தால் தீட்டுவார். இல்லை என்றால் சிவப்பு மார்க்கரை எடுத்துத் தகட்டின் குறுக்கே மலாயில் 'மாத்தி' என்று எழுதிவிடுவார். செத்துப்போச்சு என்று அர்த்தம். அப்புறம் காலில் விழுந்தாலும் தீட்ட மாட்டார். "பல்லு பறந்து உன் கண்ணுல போச்சுன்னா உன் வீட்டம்மா எங்கிட்டதான் வந்து நிப்பா," என்பார். தன் பிழைப்புக்காகத்தான் எல்லாவற்றையும் தீட்டச் சொல்கிறார் என்று அவரைப் பற்றி ஒருவரும் சொல்ல முடியாது. புதிது வாங்கச் சொல்லி அவர் திருப்பி அனுப்பிய பிளேடுகளை அடுக்கினால் என் இடுப்புவரை வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குப் புது மேனேஜராக மார்வின் வந்தார். முப்பத்து நான்கு வயது, அக்கா போகும் அதே சர்ச். சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரியும் என்பதால் அக்கா அவரை ஒருமையில்தான் கூப்பிடுவார். மார்வினைத் தப்பாகச் சொல்லக் கூடாது. நல்ல படிப்பு, காலையில் எங்களுக்கு முன்னால் வந்துவிடுவார், யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட மாட்டார். ஆனால் அவர் படித்த இடத்தில் யாரும் பிளேடு தீட்டியதில்லை போலிருக்கிறது. "எதுக்கு தேவன் அண்ணே இந்த சுசா, இந்தத் தொல்லை? கொண்டு போகணும், காத்துக்கிட்டிருக்கணும், திரும்ப வாங்கணும். புதுசு மாட்டு, மழுங்குனா தூக்கிப் போடு, அடுத்தத மாட்டு," என்பார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. பிளேடு வர ஒருநாள் தாமதமானால் மெஷின் நிற்கும். ஆனாலும் தீட்டி வந்த பிளேடில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. நான்தான் சிக்க வைத்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் தமிழர்கள் பதினான்கு பேர். ஆயுத பூஜைக்கு அரைநாள் வேலை. முன்பு இருந்த சீன முதலாளி ஆரம்பித்து வைத்த வழக்கம், அவரே முன்னால் நின்று தேங்காய் உடைப்பார். மார்வினுக்கு அந்த அரைநாள் உறுத்தல். எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, சுற்றிலும் மரத்தூள், பாதுகாப்பு இல்லை என்று போன வருஷமே முணுமுணுத்தார். பூஜைக்கு முதல்நாள் எல்லாப் பிளேடும் அக்காவிடம் தீட்டி வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். மழுங்கிய ஆயுதத்தைச் சாமி முன்னால் வைப்பதா?

மற்ற வருஷங்களில் பிளேடை மெஷினில் மாட்டிவிட்டு, மெஷினின் உடம்பில்தான் பொட்டு வைப்போம். இந்தத் தடவை எனக்கு ஒரு புது ஆசை வந்தது. என் மெஷினுக்குத் தீட்டி வந்த எட்டு பிளேடும் அப்படிப் பளபளத்தன. வாழை இலை போட்டு, எட்டையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். பொட்டு எங்கே வைப்பது? ஓரத்தில் வைத்தால் விரல் போய்விடும். வட்டத்துக்கு நெற்றி நடுதானே என்று நினைத்து, நடுத் துளையைச் சுற்றிச் சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, மேலே குங்குமம் வைத்தேன். இரண்டு பக்கமும். பொடிச் சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்தது. பூஜை வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலையில் அது சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது.

மாட்டும்போது துடைத்திருக்கலாம். கை போகவில்லை. சாமிக்கு வைத்ததைச் சாக்குத் துணியால் துடைப்பதா என்று ஒரு கூச்சம். உதிர்ந்தது உதிரட்டும், மீதி பிளேடை இறுக்கும் தட்டுக்கு அடியில் மறைந்துவிடும் என்று அப்படியே மாட்டி இறுக்கினேன். பதினாறு வருஷம் மெஷின் ஓட்டுகிறவன் செய்கிற வேலையா இது? ஆனால் அன்றைக்கு அது பக்தியாகத்தான் தெரிந்தது.

முதல் பலகையே ஓரம் பொரிந்து வந்தது. எலி கடித்த ரொட்டி மாதிரி. பிளேடை மாற்றினேன். அதுவும் அப்படியே. இரண்டு நாளில் எட்டையும் மாட்டிக் கழற்றினேன். நாற்பது கதவுப் பலகை ரிஜெக்ட். மார்வின் கடையிலிருந்து புதுப் பிளேடு ஒன்று வரவழைத்தார். பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்துப் பார்த்து, இறுக்கும் தட்டை நன்றாகத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன், வந்ததெல்லாம் மரத்தூள் என்றுதான் நினைத்தேன். புதிது மாட்டினேன். வெண்ணெய் வெட்டுவது போல அறுத்தது. மார்வின் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு வருஷமாகச் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம்தான். எனக்கும் அப்போது அக்கா மேல்தான் சந்தேகம். வயதாகிறது, கண் மங்குகிறதோ என்று வாய்விட்டே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டு பிளேடும் ஒரு பெட்டியில் அக்காவுக்குத் திரும்பிப் போயின. கூடவே ஒரு கடிதம்: தீட்டியது தரமில்லை, இனி அனுப்ப மாட்டோம். அதோடு விட்டிருக்கலாம். மலாக்கா கேபினட்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. அதில் மார்வின் பொரிந்த பலகையைப் படம் பிடித்துப் போட்டு, 'பிரிஜிட் கடையில் தீட்டியது, கவனம்' என்று எழுதினார். ஒரே வாரத்தில் அக்கா கடை வாசலில் வண்டிகள் குறைந்தன. முப்பத்து மூன்று வருஷமாகச் சேர்த்த பேர் அது.

அக்கா என்ன செய்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எந்தப் பிளேடு வந்தாலும் முதலில் சலவைச் சோடாத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிசினையும் அழுக்கையும் கழுவிவிட்டுத்தான் அளந்து பார்ப்பார். தொட்டி ஏழு பிளேடுதான் கொள்ளும். ஏழையும் கழுவி அளந்தார். ஒரு பல்லிலும் குறை இல்லை. கடிதத்தை மறுபடி படித்தார். கோபம் தலைக்கேறிவிட்டது. எட்டாவதைக் கழுவாமல் அப்படியே அளக்கும் மெஷினில் மாட்டிச் சுற்றினார். முள் ஆடியது. கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தன வாசம்.

நடுவில் காகிதக் கனம் ஏதாவது ஒட்டியிருந்தால் போதும், பிளேடு நேராக உட்காராது. நடுவில் இம்மி கோணினால் விளிம்பில் அது பல மடங்காகி, பல்லெல்லாம் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே அறுக்கும். பலகை பொரியாமல் என்ன செய்யும்? பாதிச் சந்தனத்தை அப்படியே இருக்கவிட்டு, பிளேடை நாளிதழில் சுற்றிக்கொண்டு, மறுநாள் காலை டீ நேரத்தில் அக்கா எங்கள் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, நேராக மெஷின் பக்கம் வந்தார்.

"மார்வின கூப்பிடு. தேவா, இத மாட்டு. துடைக்காத."

மார்வின் வந்தார். "ஆண்ட்டி, இதெல்லாம் முடிஞ்சு போன விஷயம்லா," என்றார்.

"உனக்கு முடிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷம் நில்லு."

மாட்டினேன். அக்கா கையோடு கொண்டுவந்த அளவு முள்ளைப் பிளேடு ஓரத்தில் வைத்துக் கையால் சுற்றச் சொன்னார். முள் எகிறியது. பலகை அறுத்தோம், பொரிந்தது. பிறகு அவரே பிளேடைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் நடுவில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தார். இறுக்கும் தட்டையும் துடைத்தார். பல்லை அவர் தொடவே இல்லை. மறுபடி மாட்டச் சொன்னார். முள் அசையவில்லை. அறுத்த பலகையின் ஓரத்தில் என் விரலை வைத்து இழுத்தேன், கண்ணாடி.

அவர் கையிலிருந்த துணி மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மார்வின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தீட்டுனதுல தப்பு இல்ல. அழுக்கோட அனுப்பியிருக்கீங்க," என்றார்.

"நான் அனுப்பும்போது அழுக்கு இல்ல."

"பின்ன எப்படி வந்துச்சு ஆண்ட்டி? என்ன அழுக்கு அது?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான், சந்தனம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வருஷம் பூஜை கிடையாது என்று எனக்குத் தெரியும். மார்வின் அதற்கு ஒரு சாக்குத்தான் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. நான் மரத்தூள் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா துணியை நான்காக மடித்து, மஞ்சள் உள்ளே போகும்படி பாக்கெட்டில் வைத்தார். "உன் ஆளுங்கள கேளு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மார்வின் யாரையும் கேட்கவில்லை. அன்று மதியமே குரூப்பில் இன்னொரு வரி வந்தது: 'அழுக்கோடு கொடுத்திருக்கிறார்கள், சோதித்துப் பார்த்துவிட்டோம்.' முன்பு கை தவறியவர் என்றுதான் பேர். இப்போது சோம்பேறி என்றும் ஆகிவிட்டது.

சாயந்தரம் வீட்டில் என் மனைவி நிர்மலாதேவியிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்தம்மா வேற சாமிய கும்புடுறவங்க. உங்க பூசையைக் காப்பாத்த அழுக்குத் துணிய பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க தூள் பையப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?" என்றாள். சாப்பாடு போட்டாள். பக்கத்தில் உட்காரவில்லை.

சனிக்கிழமை தஞ்சோங் கிளிங் போனேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான்தான்..."

"தெரியும். மன்னிப்பெல்லாம் எங்கிட்ட விக்க வராத."

"சொன்னா பூசைய நிப்பாட்டிருவாருக்கா. பதினாலு பேரு..."

"அதுக்குத்தான் துணிய மடிச்சு வச்சேன். உனக்காக இல்ல, புரியுதா?" மெஷினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது. "ஆனா என் பேர நான் மடிச்சு வைக்கிறதா இல்ல. திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். நீ சொன்னா சரி. சொல்லலன்னா நானே வந்து சொல்லுவேன், பூச நின்னாலும் சரி. நான் புனிதவதி இல்ல தேவா. நான் சாணை புடிக்கிறவ."

மறுபடி மெஷினைப் போட்டுவிட்டார். எனக்கு அந்த மிரட்டல் பெரிய நிம்மதியாக இருந்தது. பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை, மெஷினைப் போடுவதற்கு முன்னால், அந்தக் குரூப்பிலேயே குரலில் பதிந்து அனுப்பினேன். "நான் தேவன், பேனல் சா ஓட்டுறவன். பிரிஜிட் அக்கா குடுத்தது சுத்தமான பிளேடு. பூசைக்கு நான் நடுவுல சந்தனம் பூசி, துடைக்காம மாட்டிட்டேன். தப்பு என்னோடது. அன்னைக்கு அவங்க கேட்டப்ப வாயத் திறக்கல, அதுவும் என்னோடதுதான்." அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டு, பலகை அறுக்க ஆரம்பித்தேன்.

பத்து மணிக்கு மார்வின் கூப்பிட்டார். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். போட்டேன். அது எனக்குச் சேர வேண்டியதுதான். அப்புறம், அடுத்த வருஷத்திலிருந்து தொழிற்சாலைக்குள் பூஜை கிடையாது என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பதினான்கு பேருக்கும் நான் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. "வாங்க, ஆண்ட்டிய பாத்து சோரி சொல்லிட்டு வருவோம்," என்று மற்ற மெஷின்களில் மழுங்கியிருந்த பன்னிரண்டு பிளேடைப் பெட்டியில் போட்டு, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

மார்வின் மனதாரத்தான் மன்னிப்புக் கேட்டார். அதில் பொய் இல்லை. "குரூப்லயும் போட்டுட்டேன் ஆண்ட்டி," என்றார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனை எடுத்துப் படித்தார். "'பிரச்சனை தீர்ந்தது, ஆப்பரேட்டர் தவறு.' இதுல நான் எங்க இருக்கேன்? கெடுக்கும்போது கடை பேரோட போட்டியே. இப்ப எங்க போச்சு என் பேரு?"

மார்வின் அங்கேயே நின்று மறுபடி எழுதினார். பிரிஜிட் கடை வேலையில் எந்தக் குறையும் இல்லை, நாங்கள் விசாரிக்காமல் எழுதிவிட்டோம் என்று. அக்கா படித்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி பெட்டியை இறக்க வேண்டியதுதான் என்று நான் குனிந்தேன்.

"இனிமே இப்படி நடக்காது ஆண்ட்டி," என்றார் மார்வின். அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிற முகம். "பூசைய நிப்பாட்டிட்டேன்."

"யார் நிப்பாட்டச் சொன்னா?"

மார்வின் விழித்தார். "அதுனாலதானே உங்க பேரு கெட்டுச்சு?"

"என் பேர கெடுத்தது இவன். இவனே வந்து சரி பண்ணிட்டான். சந்தனம் என்ன பண்ணுச்சு? துடைச்சா போயிரும். துடைக்கச் சொல்ல வேண்டியதுதானே உன் வேலை? புதுக் கார் வாங்குனப்ப ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. கண்ணாடியில தண்ணிக் கறை நின்னுச்சு. துடைச்சியா, இல்ல ஃபாதர வராதன்னு சொன்னியா?"

"ஆண்ட்டி, அது வேற. நீங்க அந்தப் பூசையில கும்புடுறதுகூட இல்ல. உங்களுக்கு எதுக்கு இது?"

 அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு பேசியபோது சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அந்த மில்லுல பதினஞ்சு வருஷம் தீட்டுனேன் மார்வின். வெளியாளுங்க பாக்க வந்தா என்னை ஆபீஸுக்கு அனுப்பி உக்கார வச்சிருவாங்க. பொம்பள தீட்டுறான்னு தெரிஞ்சா ஆர்டர் போயிருமாம். என் வேலைய ஒருத்தன் ஏறெடுத்துப் பாத்ததில்ல. இவங்க நான் தீட்டுன பிளேட வாழையிலையில வச்சு, பொட்டு வச்சு, கை கூப்பியிருக்காங்க. மடத்தனமா மாட்டுனான், அது வேற. ஆனா எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாத பண்ணதில்ல. அத நிப்பாட்டிட்டு எனக்கு வேலை குடுக்க வந்தியா? பெட்டிய எடுத்துக்கிட்டுப் போ."

"ஆண்ட்டி, உங்க வேலையில பாதி எங்களோடது."

"தெரியும். எடுத்துக்கிட்டுப் போ. பூச இல்லாத எடத்து பிளேடு எனக்கு வேணாம்."

பெட்டியை நான்தான் திரும்பக் காரில் ஏற்றினேன். திரும்பும் வழி முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். நாற்பத்து மூன்று வயதில், மேனேஜர் காரில்.

பன்னிரண்டு நாள் போனது. மலிவான புதுப் பிளேடுகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஒவ்வொன்றும் நான்கு நாள் வெண்ணெய், ஐந்தாம் நாள் கருகல். மழுங்கியவை மூலையில் குவிந்தன. அவற்றைத் தீட்டவும் முடியாது, பல்லில் ஒன்றும் இல்லை. எங்களில் யாரும் மார்வினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. நடுவில் ஒருநாள் அக்கா கடை பக்கம் போனேன். சின்னக் கடைக்காரர்கள் திரும்ப வர ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் பழைய மெஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. அவ்வளவுதான் வேலை. அக்கா ஒரு ஆளைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் மார்வின் என் மெஷின் பக்கம் வந்து, "பெட்டிய ஏத்துங்க அண்ணே," என்றார். எங்கே என்று கேட்காமலே ஏற்றினேன்.

அக்கா கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அக்கா வெளியே வந்து குறுக்கே நின்றார். மார்வின் "ஆண்ட்டி" என்று ஆரம்பித்தார். அக்கா அவரை முடிக்க விடவில்லை.

"பூச இருக்கா?"

"இருக்கு ஆண்ட்டி. நோட்டீஸ் ஒட்டிட்டேன். அரைநாள் லீவும் உண்டு. மாட்டுறதுக்கு முன்னாடி பிளேட துடைக்கணும்னு எழுதியிருக்கேன்."

"யார் துடைக்கிறது?"

மார்வின் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"நான் துடைக்கிறேங்க்கா," என்றேன்.

அக்கா ஷட்டரை இரண்டு கையாலும் முழுக்க மேலே தள்ளினார்.

"அப்ப பெட்டிய இறக்கு."